தாமிரபரணி வெள்ளத்துல சாப்பாடு கொண்டு வந்த தன்னார்வலர்கள்: வாங்கி சாப்பிட்டவங்க பக்கத்துலருந்து ஒரு ரிவ்யூ

மொதல்லயே மார்க் போட்டுடுறேன். கொண்டு வந்த மனசுக்கு 5க்கு 5. சாப்பாட்டுக்கு 4. கடைசி வீடு வரைக்கும் போய் சேந்துச்சாங்குறதுக்கு 2 தான். அந்த 2 எதனாலன்னு சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், மழை சீசன் வந்தா வாட்ஸ்அப்ல குரூப் ஆரம்பிச்சு வண்டி எடுத்துட்டு கெளம்புற தம்பி தங்கச்சிங்க கண்ணுல இது படணும்.

நான் சொல்றது 2023 டிசம்பர் வெள்ளம். எங்க ஊரு தூத்துக்குடி மாவட்டத்துல ஏரல் பக்கம், மெயின் ரோட்டுலருந்து உள்ள தள்ளி, சுத்தி வாழைத்தோட்டம். டிசம்பர் 17 ஞாயித்துக்கிழமை, மார்கழி பொறந்த அன்னைக்கு பிடிச்ச மழை விடவே இல்ல. மறுநாள் காலை எட்டரை மணி கணக்குப்படி 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர், திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. எங்க மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்க பெய்யுற மழையே 70ஐ தொடாது, காயல்பட்டினத்துல அதுக்கு மேல ஒரே நாள்ல கொட்டிருச்சு. ஆத்துக்கு மேல்பக்கம் அணை இருக்குற பாபநாசம், மணிமுத்தாறு பக்கமும் அதே மழை, அந்த தண்ணியும் ஆத்துல சேந்து வருது, ஆத்துல இருக்குற எட்டு அணைக்கட்டுல கடைசி ஸ்ரீவைகுண்டம், அதுக்கு கீழ இருக்குற எங்களுக்கு வேற வழியே கெடையாது. ஆத்து தண்ணி ஒரு பக்கம், குளம் ஒடஞ்ச தண்ணி இன்னொரு பக்கம்.

இந்த குளம் ஒடஞ்ச விஷயத்த வெளியூர்க்காரங்க புரிஞ்சுக்கணும், ஏன்னா சாப்பாடு வராம போனதுக்கு பாதி காரணம் அதுதான். எங்க பக்கம் நெறைய ஊருக்கு ரோடே குளத்து கரை மேலதான் போகும், இல்லன்னா வாய்க்கால் பாலத்த தாண்டி போகும். கரை ஒடஞ்சா ரோடும் போச்சு. ஏரல் பாலத்துலயே ரோடு அரிச்சுட்டு போயிருச்சு. கரண்டு இல்ல, செல்போன் டவர் இல்ல, நாங்க உயிரோட இருக்கோமான்னு சென்னைல இருக்குற பிள்ளைகளுக்கு தெரியாது, அதுங்க அழுதுகிட்டே கெடச்ச குரூப்ல எல்லாம் அட்ரஸ் போட்டுகிட்டு இருந்துருக்கு. எங்களுக்கு வந்த மொத உதவியில பாதி அந்த மெசேஜ பாத்துட்டு வந்ததுதான்.

நாங்க ஸ்கூல் மாடில இருந்தோம். எங்க தெரு மட்டும் இல்ல, நாலஞ்சு தெரு ஜனங்க. குழந்தைங்க, கர்ப்பிணி ஒருத்தி, சுகர் மாத்திரை போடுற வயசானவங்க, எல்லாரும். மொத நாள் வெளியிலருந்து ஒண்ணும் வரல, வரவும் முடியாது, அதுக்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். மாடி வீட்டுக்காரங்க வச்சிருந்த அரிசிய எடுத்துட்டு வந்து கஞ்சி வச்சாங்க, அதத்தான் எல்லாரும் குடிச்சோம். பேரிடர்ல மொதல்ல சாப்பாடு போடுறது எப்பவுமே பக்கத்து வீடுதான். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் சென்னை எக்ஸ்பிரஸ் மாட்டிக்கிட்டு நின்னுச்சே, 800 பயணிங்க கிட்ட, அவங்களுக்கும் அப்படித்தான். ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னால பக்கத்து புதுக்குடி ஊர்க்காரங்க தங்க வீட்டுல இருந்தத போட்டு சமைச்சு குடுத்தாங்க, அவங்க ஊருக்கும் அப்போ வெளியிலருந்து எதுவும் வரல. இத எல்லா பேப்பர்லயும் படிச்சிருப்பீங்க. செய்துங்கநல்லூர்ல பள்ளிவாசல தொறந்து விட்டு இந்து குடும்பங்கள தங்க வச்சு சாப்பாடு போட்டாங்க. இவங்களுக்கெல்லாம் மார்க் போடுற தகுதி எனக்கு கெடையாது, கும்பிட்டுக்குறேன்.

வெளியிலருந்து வந்தவங்கள்ல மொதல்ல எங்க கண்ணுல பட்டது மீனவங்க. ஃபைபர் படக லாரில ஏத்தி கொண்டாந்து, ரோடு முடியுற எடத்துல எறக்கி, அங்கருந்து தண்ணில வந்தாங்க. இதுக்கு 5க்கு 10 குடுக்கலாம். கடல்ல ஓட்டுறதுக்கும் வாழைத்தோட்டத்துக்குள்ள ஓட்டுறதுக்கும் சம்பந்தமே இல்ல, தண்ணிக்கு அடில வேலி கம்பி, சாஞ்ச வாழை, மோட்டார்ல நார் சுத்திக்கும், தலைக்கு மேல கரண்டு கம்பி கைக்கு எட்டுற மாதிரி தொங்குது. அவங்க மோட்டார நிறுத்திட்டு கயித்த கட்டி, கழுத்தளவு தண்ணில நடந்தே படக இழுத்துட்டு வந்தாங்க. சாப்பாட்ட எறக்கிட்டு, திரும்பி போறப்போ அந்த கர்ப்பிணி பிள்ளையையும் காய்ச்சல்ல கெடந்த ஒரு ஆச்சியையும் கூட்டிட்டு போனாங்க. காலியா திரும்பக்கூடாதுங்குற அந்த யோசனைய எல்லா டீமும் கத்துக்கணும், போறப்போ சாப்பாடு, வர்றப்போ நோயாளி.

படகு போகாத, வேனும் போகாத எடம் நெறைய உண்டு, முட்டளவு தண்ணியும் சேறும். அங்கல்லாம் டிராக்டர்தான் ராஜா. எங்க ஊருக்குள்ள வந்த சாமான்ல முக்கால்வாசி டிராக்டர் பெட்டில வந்ததுதான். வெளியூர் டீம் வேன்லயே உள்ள வரணும்னு முயற்சி பண்ணி சேத்துல மாட்டி, அத எடுக்க ஜேசிபி தேடி அரை நாள் போயிரும். அதுக்கு பதிலா மெயின் ரோட்டுலயே ஒரு டிராக்டர்கார அண்ணாச்சிய பிடிச்சு டீசலுக்கு காசு குடுத்தா அவரே கொண்டு போய் சேத்துருவாரு, எந்த குழி எங்க இருக்குன்னு தண்ணிக்குள்ளயும் அவருக்கு தெரியும்.

இப்போ சாப்பாட்டுக்கு வர்றேன். பொட்டலம் பொட்டலமா எல்லாம் சாப்பிட்டாச்சு, அதனால உரிமையோட சொல்றேன்.

புளியோதரைதான் நம்பர் ஒண்ணு. காலைல கட்டுனது ராத்திரி வரைக்கும் தாங்கும், ஆறிப்போனாலும் வாய்க்கு நல்லாருக்கும், குழந்தைங்களும் சாப்பிடும். எலுமிச்சம்பழ சாதம் ரெண்டாவது. தக்காளி சாதம் பரவால்ல. தயிர் சாதம் தயவு செஞ்சு வேண்டாம். மதுரைலருந்தும் நாகர்கோவில்லருந்தும் காலைல கட்டி, ரோடு அடைச்சு கெடக்குறதால சுத்தி வந்து, எங்க கைக்கு வர்றப்போ சாயந்தரம் ஆயிரும், பொட்டலத்த தொறந்தாலே புளிச்ச வாடை. பசிக்கு சாப்பிட்டுட்டு வயித்தால போனா அந்த நேரத்துல கக்கூசுக்கு எங்க போறது? எல்லாமே தண்ணிக்குள்ள. பிரியாணியும் அப்படித்தான், முட்டை வச்சது ரெண்டு தடவ கெட்டுப்போய் வந்துச்சு, கொண்டு வந்த பசங்க மொகம் வாடிப்போச்சு, பாவம் அவங்க கைக்காச போட்டு பண்ணினது. சமைச்ச சாப்பாடுன்னா நாலு மணி நேரத்துக்குள்ள கைல சேர்ற தூரத்துலருந்து கொண்டாங்க, அதுக்கு மேல தூரம்னா சமைக்காத சாமானா கொண்டாந்துருங்க.

பிரட்டும் பன்னும் ஏகப்பட்டது வந்துச்சு. மொத ரெண்டு நாள் அமிர்தம் மாதிரி, அதுக்கப்புறம் குழந்தைங்ககூட தொடல. பிஸ்கட் நல்லது, கெடாது, நனையாது, ஆனா அதையே மூணு வேளை குடுத்தா வயசானவங்களுக்கு ஒத்துக்காது, சுகர்காரங்களுக்கு சுத்தமா ஆகாது.

யாரும் யோசிக்காத ஒண்ண ஒரு டீம் கொண்டாந்தாங்க, அவல். அவல், பொட்டுக்கடலை, கருப்பட்டி, மூணையும் தனித்தனி பாக்கெட்டா ஒரு பையில போட்டு. அடுப்பு வேண்டாம், நல்ல தண்ணி ஒரு டம்ளர் இருந்தா போதும், நனைச்சு சாப்பிடலாம், பல்லு இல்லாத ஆச்சிக்கும் குடுக்கலாம், மிச்சத்த முடிஞ்சு வச்சுக்கலாம். காலேஜ் பசங்கதான், அவங்ககூட வந்த ஒருத்தரோட அம்மா சொல்லி வாங்குனாங்களாம். அந்த அம்மா எங்க இருந்தாலும் நல்லாருக்கணும். என்கிட்ட கேட்டா மொத மூணு நாளுக்கு இதவிட நல்ல சாமான் கெடையாது.

தண்ணிய பத்தி தனியா சொல்லணும். சுத்தி கண்ணுக்கு எட்டுற வரைக்கும் தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்ல. அடிபம்பு மூழ்கிப்போச்சு, கரண்டு இல்லாம மோட்டார் ஓடல. ஒரு லிட்டர் பாட்டில்தான் கரெக்ட், படகுலருந்து தூக்கி போட்டாலும் பிடிக்கலாம், மாடிப்படில தூக்கிட்டு ஏறலாம், காலி பாட்டில்ல பிள்ளைங்களுக்கு பால் கலக்கலாம். 20 லிட்டர் கேன் ஸ்கூல் மாதிரி கூட்டமா இருக்குற எடத்துக்கு சரி, தனியா ஓட்டு மேல உக்காந்துருக்குற குடும்பத்துக்கு அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. குட்டி குட்டி தண்ணி பாக்கெட் எறக்குனாங்க, பாதி ஒடஞ்சே வந்துச்சு.

பால் பவுடர் கொண்டாந்த எல்லாருக்கும் 5க்கு 5. மாட்டுப்பால் சொசைட்டியே மூழ்கி, மாடுங்க அடிச்சுட்டு போய், கைக்குழந்தை வச்சிருந்தவங்க பட்ட பாடு சொல்லி முடியாது. ஆனா ஒண்ணு, பவுடர் மட்டும் குடுத்துட்டு போகாதீங்க, கூட நல்ல தண்ணியும் சுட வைக்க ஏதாவது வழியும் வேணும். ஒரு டீம்ல இருந்த பொண்ணு ஃபிளாஸ்க்ல வெந்நி கொண்டு வந்தா, பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

சானிட்டரி நாப்கின், இத பொண்ணுங்க இருந்த டீம்தான் கொண்டாந்தாங்க, ஆம்பளைங்க மட்டும் வந்த எந்த வண்டிலயும் இல்ல. கேக்கவும் கூச்சம், நனைஞ்ச துணியோட எத்தன பேரு உக்காந்துருந்தோம் தெரியுமா. கொண்டு வர்றப்போ சாமான் மூட்டையோட சேத்து போட்டுருங்க, தனியா கூப்பிட்டு கூட்டத்துல நீட்டாதீங்க. அதே மாதிரி மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, ரெண்டு நைட்டி, ரெண்டு சாரம் (கைலி), ஒரு போர்வை. பழைய துணி வேண்டவே வேண்டாம், 2004 சுனாமில நாகப்பட்டினம் ரோட்டோரம் பழைய துணி மலையா குவிஞ்சு கெடந்தத பாத்த பிறகும் இன்னும் மூட்டை கட்டி அனுப்புறாங்க. எங்க ஊர்லயும் ஒரு மூட்டை பிரிக்காமலே மக்கிப்போச்சு. வீடு போனாலும் மானம் போகல எங்களுக்கு.

இப்போ அந்த 2 மார்க் விஷயம். ஏரல்லருந்து வண்டி வருது, மொத ஊர்லயே கூட்டம் மறிக்குது. மறிக்குறவங்களும் பசியோடதான் இருக்காங்க, அவங்களையும் சொல்ல முடியாது. வண்டில இருக்குற பசங்களுக்கு எடம் தெரியாது, இருட்டப்போகுதுங்குற பயம் வேற, அங்கயே எல்லாத்தையும் குடுத்துட்டு திரும்பிடுவாங்க. அடுத்த வண்டியும் அதே எடத்துல நிக்கும். இப்படி மெயின் ரோட்டு ஊர்ல ஒரே வீட்டுக்கு அஞ்சு பொட்டலம் போய் சேந்து மிச்சம் வீணாகுது, ரெண்டு கிலோமீட்டர் உள்ள இருக்குற எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்கும் உள்ள இருக்குற காலனிக்கு அதுவும் இல்ல. ஊர் வரைக்கும் வந்த சாமான் கடைசி தெருவுக்கு போகாம நின்னத கண்ணால பாத்தேன், அதுக்கு வெள்ளம் காரணம் இல்ல, சாதிதான் காரணம், இத மறைச்சு எழுத எனக்கு மனசு வரல. வர்ற டீம்கிட்ட ஊர்ப் பெரியவங்க "நாங்களே பிரிச்சு குடுத்துக்குறோம், எறக்கிட்டு போங்க"ன்னு சொன்னா, சரின்னு எறக்கிட்டு போயிராதீங்க. கடைசி தெரு எதுன்னு கேட்டு மொதல்ல அங்க போங்க, அங்கருந்து குடுத்துகிட்டே முன்னால வாங்க. ஒரே ஒரு டீம்தான் இப்படி பண்ணாங்க, அன்னைக்கு மட்டும்தான் எங்க ஊர்ல எல்லாரும் ஒரே நேரத்துல சாப்பிட்டோம்.

அவங்க பண்ண இன்னொரு வேலையும் சொல்றேன். கெளம்புறதுக்கு முன்னாலயே எங்க ஊர் பையன் ஒருத்தன், திருநெல்வேலில படிக்கிறவன், அவன பிடிச்சு வண்டில ஏத்திகிட்டாங்க. வழில மறிச்ச எடத்துல அவன் எறங்கி "அண்ணாச்சி, இது எங்க ஊருக்கு போகுது, நேத்துலருந்து ஒண்ணும் போகல"ன்னு சொல்லி கையெடுத்து கும்பிட, அவங்களே வழி விட்டு, தண்ணி கேன் ரெண்ட ஏத்தியும் விட்டாங்க. தெரிஞ்ச மொகம் ஒண்ணு வண்டில இருந்தா போதும். தெரியாத ஆளுங்க லோடு ஏத்திட்டு வந்தாத்தான் தள்ளுமுள்ளு ஆகுது, அதுல எளவட்டங்க வாங்கிட்டு போயிருவாங்க, வயசானவங்க நின்னு பாத்துட்டு திரும்புவாங்க.

போட்டோ எடுக்குறத பத்தியும் கேக்குறாங்க. எடுங்க, பணம் குடுத்தவங்களுக்கு கணக்கு காட்டணும், புரியுது. சாமான எடுங்க, வண்டிய எடுங்க, படக எடுங்க. பொட்டலத்த நீட்டிகிட்டே, எங்க கைய பிடிச்சு நிறுத்தி, "அம்மா இங்க பாருங்க"ன்னு சொல்றது கஷ்டமா இருக்கு. எங்க தெருல ஒரு அண்ணாச்சி, பத்து பேருக்கு வேலை குடுத்துகிட்டு இருந்த மனுஷன், போட்டோ எடுக்குறாங்கன்னு வரிசைலருந்து விலகி போயிட்டாரு, அன்னைக்கு முழுக்க அவரு சாப்பிடல.

ஹெலிகாப்டர்லருந்தும் பொட்டலம் போட்டாங்க. எங்க பக்கம் விழுந்ததுல சிலது தண்ணிக்குள்ள போச்சு, சிலது கெடச்சுது. வேற எந்த வழியும் இல்லாத எடத்துக்கு அது உயிர் காத்துச்சு, அத மறுக்கவே மாட்டேன்.

தண்ணி வடிய ஆரம்பிச்ச பிறகு நெலமை மாறிருச்சு, ஆனா வர்ற சாமான் மாறல, அப்பவும் பொட்டலமாத்தான் வந்துச்சு. அந்த நேரத்துல எங்களுக்கு தேவப்பட்டது அரிசி, பருப்பு, எண்ணெய், ரவை, சீனி, டீத்தூள், உப்பு புளி, அதோட ஒரு குக்கரோ ரெண்டு பாத்திரமோ. சிலிண்டர் மெதந்து போயிருச்சு, அடுப்புக்குள்ள சேறு, வெறகு எல்லாம் ஈரம். பக்கத்து ஊர்ல ஒரு டீம் கோயில் மண்டபத்துல பெரிய அடுப்பும் அண்டாவும் போட்டு, சாமான மட்டும் அவங்க குடுத்து, ஊர்ப் பொம்பளைங்களையே சமைக்க வச்சாங்க. இத எல்லா ஊர்லயும் பண்ணிருக்கணும்னு சொல்வேன். சூடா சோறும் சாம்பாரும், கைல கரண்டி இருந்தப்போதான் எங்களுக்கு பழைய தெம்பு வந்துச்சு. ஒரு நாள் உளுந்தங்கஞ்சி வச்சாங்க, குளிருக்கும் ஒடம்பு வலிக்கும் அதுமாதிரி வருமா. வெளியூர் பொட்டலத்துக்கு ஆகுற வண்டி வாடகைலயே ரெண்டு நாள் இப்படி சமைக்கலாம்.

கிறிஸ்துமஸ் அன்னைக்கும் டீம் வந்தாங்க, நாசரேத் பக்கத்து ஆளுங்க. அவங்க வீட்டுலயும் தண்ணி பூந்துருந்துச்சு, பண்டிகைக்கு எடுத்து வச்சிருந்த காச போட்டு அரிசி மூட்டை வாங்கிட்டு வந்தாங்களாம். எதையும் விசாரிக்கல, ரேஷன் கார்டு கேக்கல, வீடு வீடா வச்சுட்டு போனாங்க.

பொங்கலுக்கு வெட்ட வேண்டிய வாழைத்தார் எல்லாம் சாஞ்சு போச்சு, அதனால தோட்ட வேலைக்கு போறவங்களுக்கு அடுத்த பல மாசம் கூலி இல்ல. கவர்மெண்ட் 6000 ரூபா குடுத்துச்சு, அது வீட்ட கழுவி பாத்திரம் வாங்கவே சரியாப் போச்சு. டிசம்பர் கடைசில டீம் எல்லாம் நின்னு போச்சு, ஜனவரிலயும் பிப்ரவரிலயும் வந்தவங்க ரொம்ப கொஞ்சம். உண்மைல பசி அதிகமா இருந்தது அப்போதான், ஆனா டிவில காட்டல. ஒரு டீம் மட்டும் மாசா மாசம் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு, ஆம்பள இல்லாத வீடு, மாத்துத்திறனாளி இருக்குற வீடு, அரிசி பருப்பு கொண்டாந்து குடுத்தாங்க. வசூல் பண்ற காசுல பாதிய தனியா எடுத்து வச்சுட்டு ரெண்டாவது மாசம் வாங்க, அப்படி வர்ற டீமுக்கு நான் யோசிக்காம 5 போடுவேன்.

அடுத்த தடவ எங்க பக்கம் வர்றவங்களுக்கு. ஏரல் பாலத்துல போக முடியலன்னா ஸ்ரீவைகுண்டம் வழியா வர முடியுமான்னு உள்ளூர் ஆள்கிட்ட கேட்டுட்டு கெளம்புங்க, மேப்ப நம்பாதீங்க, மேப்ல ரோடு இருக்கும், நேர்ல குளம் இருக்கும். இருட்டுறதுக்குள்ள திரும்புற மாதிரி வாங்க. டார்ச், கயிறு, பவர் பேங்க், ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துக்கோங்க. ஆத்தோரம், புன்னைக்காயல் மாதிரி ஆறு கடல்ல சேர்ற எடம், வாழைக்காட்டுக்கு நடுவுல இருக்குற சின்ன ஊருங்க, இதெல்லாம் லிஸ்ட்ல மொதல்ல வரட்டும், ஏரல் பஜார் கடைசில வரட்டும். எங்க ஊருக்கு வர்றதா இருந்தா கமெண்ட்ல கேளுங்க, டிராக்டர் வச்சிருக்குற அண்ணாச்சிகிட்ட நானே பேசி, மெயின் ரோட்டுக்கு ஆள் அனுப்புறேன்.